டைம் ஸ்டெப்பை மாத்தினதும் மாறின ரிதம்: நியூரான் நெட்வொர்க் மாடல் ஒண்ணோட நிகழ்வு ஆய்வு

இது எங்க குரூப்ல நடந்தது. ஆளுங்க பேரு, இடம் எதுவும் போடல, ஆனா நடந்த வரிசை அப்படியே இருக்கு. நெட்வொர்க் சிமுலேஷன் பண்றவங்க யாருக்கும் இது வரலாம், குறிப்பா பழைய புரோகிராம் கோடை வாங்கி அதுமேல புது வேலை கட்டறவங்களுக்கு, அதான் முழுசா எழுதறேன்.

## பின்னணி

ஒரே ஒரு நியூரான் எப்படி வேலை செய்யுதுங்கறதுக்கு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-லயே சமன்பாடு எழுதிட்டாங்க. ஆனா ஆயிரக்கணக்குல நியூரான் ஒண்ணா கோத்து இருக்கும்போது மொத்தக் கூட்டமும் சேர்ந்து ஏறி இறங்கற அந்த ரிதம் எங்கேர்ந்து வருதுன்னு ஒத்த நியூரான் சமன்பாட்டைப் பாத்தா தெரியாது. அதுக்குத்தான் 1972-ல வில்சனும் கோவனும் தூண்டற கூட்டம் ஒண்ணு, அடக்கற கூட்டம் ஒண்ணுன்னு பிரிச்சு ரெண்டோட சராசரி ஆக்டிவிட்டிக்கு மட்டும் சமன்பாடு எழுதினாங்க. அப்புறம் 1999-ல புருனெலும் ஹக்கிமும், 2000-ல புருனெல் தனியாவும், ஸ்பைக், அதாவது சட்டுனு ஒரு மின் துடிப்பு, அடிக்கற நியூரான்களையே வச்சு, எந்த அளவு அடக்கல் எந்த அளவு வெளி இன்புட் இருந்தா கூட்டம் ஒத்துப் போகும், எப்ப சிதறிப் போகும்னு ஒரு மேப்பே போட்டுக் குடுத்தாங்க. எங்க கதை முழுக்க அந்த மேப்புக்குள்ளதான் நடக்குது.

மாடல் இதுதான். மொத்தம் 12,500 நியூரான், 10,000 தூண்டறது, 2,500 அடக்கறது. ஒவ்வொண்ணுக்கும் உள்ளேர்ந்து 1,000 தூண்டல் கனெக்ஷன், 250 அடக்கல் கனெக்ஷன், எதுக்கு எதுன்னு ரேண்டமா. நியூரான் ஒவ்வொண்ணும் ஒரு ஓட்டைப் பானை மாதிரி, உள்ள வர்ற ஒவ்வொரு தூண்டல் ஸ்பைக்கும் 0.1 மில்லிவோல்ட் ஏத்தும், அது 20 மில்லிசெகண்ட் அளவுல ஒழுகிட்டே இருக்கும், 20 மில்லிவோல்ட் (இதுதான் த்ரெஷோல்ட்) தொட்டா ஸ்பைக் அடிச்சு 10-க்கு வந்துடும், அடுத்த 2 மில்லிசெகண்ட் எதுவும் பண்ணாது. இந்த ஐடியா 1907-ல லாப்பிக் கிட்டேர்ந்து வருது. அடக்கற ஸ்பைக் ஒண்ணு தூண்டற ஸ்பைக்கை விட எத்தனை மடங்கு பெருசுங்கறது ஒரு எண், அதை நான் இங்க அடக்கல் விகிதம்னு சொல்றேன். வெளியிலேர்ந்து வர்ற இன்புட் எவ்வளவுங்கறது ரெண்டாவது எண், தனியா அதுவே நியூரானை த்ரெஷோல்ட் வரைக்கும் ஏத்தறதுக்குத் தேவையானதோட எத்தனை மடங்குன்னு அளக்கறது. மூணாவது, ஸ்பைக் அடிச்சதுலேர்ந்து அடுத்த நியூரானுக்குப் போய்ச் சேர ஆகற டிலே, 1.5 மில்லிசெகண்ட்.

புருனெலோட மேப்ல அடக்கல் விகிதம் 5, வெளி இன்புட் 2 மடங்குன்னா கூட்டத்துக்கு ரிதம் கிடையாது. ஒவ்வொண்ணும் தன்னிஷ்டத்துக்கு அடிக்கும், மொத்தமாப் பாத்தா சமமா இருக்கும். அடக்கலை 6-க்கும் இன்புட்டை 4-க்கும் ஏத்தினா வேகமான கூட்டு ஆட்டம் வரும். இதை மனசுல வச்சுக்கோங்க.

சம்பந்தப்பட்டவங்க நாலு பேர். நான் சமன்பாட்டுப் பக்கம். பிஎச்டி ரெண்டாவது வருஷம் படிக்கற மாணவி ஒருத்தங்க சிமுலேஷன் பக்கம். அவங்க பயன்படுத்தின கோடை எழுதினது எங்ககிட்ட முன்னாடி படிச்சு முடிச்சுட்டு வேற வேலைக்குப் போன சீனியர். நாலாவது, மூளைத் திசு ஸ்லைஸ்ல எலெக்ட்ரோட் வச்சு ரெக்கார்ட் பண்ற இன்னொரு லேப் மேடம். அவங்க ரெக்கார்டிங்ல 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு தெரிஞ்சுது, இது எதனால வருதுன்னு மாடல் சொல்ல முடியுமான்னு கேட்டாங்க, அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

## முதல்ல பார்த்தது

மாணவி சீனியரோட கோடை எடுத்து, எல்லாருக்கும் தெரிஞ்ச புள்ளியிலேர்ந்தே ஆரம்பிக்கலாம்னு அடக்கல் 5, இன்புட் 2 வச்சு ஓட்டினாங்க. ஒண்ணரைக் கோடிக்கு மேல சினாப்ஸ் (நியூரானுக்கு நியூரான் கனெக்ஷன்) இருக்கற நெட்வொர்க், ஆனா டைம் ஸ்டெப், அதாவது கம்ப்யூட்டர் ஒரு கணக்குலேர்ந்து அடுத்ததுக்குத் தாண்டற நேரம், 1 மில்லிசெகண்ட்ங்கறதால சீக்கிரம் முடிஞ்சுடும். சராசரி ஃபயரிங் ரேட் (ஒரு நியூரான் செகண்டுக்கு எத்தனை ஸ்பைக் அடிக்குதுங்கறது) 40 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழ வந்துச்சு, என் பேப்பர் கணக்கும் அதேதான் சொல்லுச்சு. அந்த ஒரு பொருத்தம்தான் பின்னாடி எங்களை ரொம்ப தூரம் தப்பாக் கூட்டிட்டுப் போச்சு.

ஏன்னா கூட்டு ஆக்டிவிட்டியோட ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த ஃப்ரீக்வன்சி எவ்வளவு இருக்குங்கற படம், எடுத்தா 100 ஹெர்ட்ஸ்ல ஊசி மாதிரி ஒரு பீக். மேடம் ரெக்கார்டிங்ல இருந்த அதே இடம். ராஸ்டர் ப்ளாட்ல, அதாவது ஒவ்வொரு நியூரான் ஸ்பைக்கையும் புள்ளி வச்சுப் போடற படத்துல, கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை புள்ளிகள் செங்குத்தா பட்டையாத் திரண்டு நின்னுச்சு. ஒத்தை நியூரானைப் பாத்தா ஒழுங்கில்லாமத்தான் அடிக்குது, எல்லாப் பட்டையிலயும் அது கலந்துக்கல, ஆனா கூட்டமாப் பாத்தா தாளம் தப்பல. உண்மையான மூளை ரெக்கார்டிங்லயும் வேகமான ரிதம் வரும்போது இப்படித்தான் இருக்கும், தனி செல் அபூர்வமா அடிக்கும், கூட்டு ரிதம் வேகமா இருக்கும். அதனால படம் ரொம்ப நம்பற மாதிரி இருந்துச்சு.

தியரியோ அந்தப் புள்ளியில ஆட்டமே இல்லைங்குது, சிமுலேஷன் இருக்குங்குது. நாங்க அன்னைக்கு எடுத்த முடிவு, தியரிலதான் குறைன்னு. காரணமும் கையில ரெடியா இருந்துச்சு. தியரி எண்ணற்ற நியூரான் இருக்கறதா எடுத்துக்குது, நம்மகிட்ட 12,500-தான். தியரி ரெண்டு நியூரானுக்கு வர்ற இன்புட் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லைங்குது, ஆனா இங்க பத்துல ஒரு பங்கு கனெக்ஷன்ங்கறதால ரெண்டு நியூரானுக்குப் பொதுவா நிறைய ஆளுங்க இருக்காங்க. ரெண்டுமே உண்மையான காரணம், நான்தான் அதை போர்டுல எழுதிக் காட்டினேன். ஒரு கான்ஃபரன்ஸுக்கு அப்ஸ்ட்ராக்ட் எழுத ஆரம்பிச்சோம். மேடமும் சந்தோஷப்பட்டாங்க, அவங்க டேட்டாவுக்கு ஒரு விளக்கம் கிடைச்சாச்சுன்னு.

## நெருடின இடம்

அப்ஸ்ட்ராக்டுக்காக ராஸ்டரை இன்னும் நெருங்கிக் காட்டலாம்னு மாணவி 20 மில்லிசெகண்ட் மட்டும் ஜூம் பண்ணி ஒரு படம் அனுப்பினாங்க. அதுல புள்ளியெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி ஒரு மில்லிசெகண்ட் இடைவெளியில வரிசை வரிசையா நிக்குது, நடுவுல ஒரு புள்ளி கூட இல்ல. டைம் ஸ்டெப் 1 மில்லிசெகண்ட்னா ஸ்பைக் அந்த கட்டத்துல மட்டும்தான் விழ முடியும், அது எனக்குத் தெரியாத விஷயம் இல்ல. ஆனா கண்ணால பாத்தப்பதான் உறைச்சுது, நாம ஆராய்ச்சி பண்றதே ஸ்பைக்குகள் எவ்வளவு நெருக்கமா ஒண்ணாச் சேருதுங்கறதை, அதுக்கு வச்சிருக்கற அளவுகோல் இவ்வளவு பெருங்கட்டமா இருக்கே, ஒரு மில்லிசெகண்டுக்குள்ள முன்னப்பின்ன அடிச்ச எல்லாத்தையும் ஒரே நேரத்துல அடிச்சதா ஆக்கி ஒரே நேரத்துல டெலிவரி பண்ணுதே, சேர்க்கையை நாமளே கொஞ்சம் உள்ள போட்டுடறோமோன்னு.

இந்த மாதிரி ஸ்பைக் கட்டத்துல ஒட்டிக்கற சிக்கல் புதுசில்ல, 1998-லயே ஹான்செலும் கூட இருந்தவங்களும் டைம் ஸ்டெப் பெருசா இருந்தா இந்த வகை நெட்வொர்க்ல ஒத்திசைவு தப்பா வரும்னு காட்டியிருக்காங்க. நான் படிச்சதுதான். படிச்சதும் பயன்படுத்தறதும் வேற வேறயா இருந்துச்சு.

இன்னொண்ணும் இடிச்சுது. அடக்கலால வர்ற வேகமான ஆட்டத்தோட பீரியட் டிலேயைப் பொறுத்தது. அடக்கற நியூரான்கள் கொஞ்சம் அதிகமா அடிச்சா அந்தச் செய்தி ஒரு டிலே கழிச்சு எல்லாருக்கும் போய்ச் சேரும், கூட்டம் அடங்கும், அடங்கின செய்தி இன்னொரு டிலே கழிச்சுப் போய்ச் சேரும், கூட்டம் திரும்ப எழும். ஆக ஒரு சுத்துக்கு குறைஞ்சது ரெண்டு டிலே, நியூரான் தானே மந்தமா ரியாக்ட் பண்றதையும் சேத்தா அதிகபட்சம் நாலு டிலே. 1.5 மில்லிசெகண்ட் டிலேக்கு இது 3-லேர்ந்து 6 மில்லிசெகண்ட், அதாவது ஆட்டம் வந்தாலும் 160 ஹெர்ட்ஸுக்கு மேலதான் வரணும். நமக்கு வந்ததோ 10 மில்லிசெகண்ட். நியூரான் எண்ணிக்கை குறைவுன்னு சொன்னா ஆட்டம் இருக்கறதை விளக்கலாம், பீரியட் இவ்வளவு நீளமா இருக்கறதை விளக்க முடியாது. இந்தக் கணக்கை நான் முதல் நாளே போட்டிருக்கணும்.

## எடுத்த முடிவுகள், ஏன்

அப்ஸ்ட்ராக்டை நிறுத்தி வச்சோம். தேதி நெருங்கிட்டு இருந்துச்சு, மாணவிக்கு அது முதல் கான்ஃபரன்ஸ், அதனால லேசான முடிவு இல்ல. ஆனா பீக் டைம் ஸ்டெப்னால வருதா நெட்வொர்க்னால வருதான்னு தெரியாம அதுக்கு ஒரு விளக்கம் வேற எழுதி அனுப்பறது சரியில்லன்னு ரெண்டு பேருமே சொன்னோம்.

அதுக்கு நடுவுல ஒரு யோசனை வந்துச்சு, எல்லா டிலேயும் ஒரே அளவா இருக்கறதாலதான் இப்படி, டிலேயை 1-லேர்ந்து 2 மில்லிசெகண்டுக்குள்ள பரப்பி விட்டுட்டா பீக் அமுங்கிடும்னு. அது உண்மைதான், டிலே பரவினா ஆட்டம் பலவீனமாகும், உண்மையான மூளையிலயும் டிலே பரவித்தான் இருக்கும். இருந்தாலும் வேண்டாம்னுட்டோம், ஏன்னா அது பீக்கை மறைக்கும், பீக் ஏன் வந்துச்சுன்னு சொல்லாது. போதாததுக்கு 1 மில்லிசெகண்ட் ஸ்டெப்ல பரப்பறதுக்கு இடமே இல்ல, ஒண்ணு இல்லன்னா ரெண்டு, அவ்வளவுதான்.

முதல் டெஸ்ட், டைம் ஸ்டெப்பை மட்டும் குறைக்கறது, மத்த எதையும் தொடக்கூடாது. 1, 0.5, 0.25, 0.1 மில்லிசெகண்ட். கடைசி ரன்னுக்கு பத்து மடங்கு நேரம் எடுக்கும், எடுக்கட்டும்னு விட்டோம். என் எதிர்பார்ப்பு, பீக் இருக்கற இடத்துலயே நின்னு உயரம் மட்டும் குறையும்னு.

வந்தது வேற. 1-ல 100 ஹெர்ட்ஸ்கிட்ட இருந்த பீக், 0.5-ல 150-ஐத் தாண்டிடுச்சு, 0.25-ல 180 பக்கம், 0.1-ல 190 பக்கம் தாழ்வா பரந்த ஒரு மேடு மட்டும். உயரம் குறையுது சரி, ஆனா இடமே நகருது. கட்டத்துல ஸ்பைக் ஒட்டறது மட்டும் காரணம்னா இப்படி ஓடக்கூடாது. மாணவி சாயங்காலம் வந்து, "சார், டைம் ஸ்டெப்பைக் குறைச்சா டிலேயும் சேந்து குறையுற மாதிரி இருக்கு, ஆனா நான் டிலேயைத் தொடவே இல்ல"ன்னாங்க. அந்த வாக்கியத்துலதான் விடை இருந்துச்சு.

"அப்ப ரெண்டே நியூரான் வச்சுப் பாப்போம்மா, ஒண்ணு அடிக்கட்டும், இன்னொண்ணுக்கு எப்ப வந்து சேருதுன்னு பிரிண்ட் பண்ணுங்க"ன்னேன்.

## ரெண்டு நியூரான் டெஸ்ட்

முதல் நியூரானை 10-வது மில்லிசெகண்ட்ல கட்டாயமா அடிக்க வச்சு, ரெண்டாவதோட வோல்டேஜ் எப்ப நகருதுன்னு பாத்தோம். 11.5-ல நகரணும். ஸ்டெப் 1-ல ஓட்டினா ஸ்க்ரீன்ல வந்தது 13.

டிலே 1.5 இல்ல, 3. ரெட்டிப்பு.

எப்படின்னு கோடைத் திறந்து பாத்தோம். ரெண்டு சின்ன விஷயம் சேந்திருந்துச்சு. டிலேயை ஸ்டெப் எண்ணிக்கையா மாத்தற இடத்துல மேல்நோக்கி முழுமையாக்கியிருந்துச்சு, 1.5-ஐ 1-ஆல வகுத்தா 1.5, அது 2 ஸ்டெப் ஆயிடுச்சு. அடுத்தது, வரப்போற ஸ்பைக்குகளைச் சேத்து வைக்கற வட்ட பஃபர். ஒவ்வொரு ஸ்டெப்லயும் இப்ப நிக்கற கட்டத்துல இருக்கறதைப் படிச்சு, வோல்டேஜை அப்டேட் பண்ணி, யார் அடிச்சாங்கன்னு பாத்து, அவங்க ஸ்பைக்கை டிலே அளவு தள்ளி இருக்கற கட்டத்துல எழுதி, அப்புறம் சுட்டியை (இப்ப எந்தக் கட்டத்துல நிக்கறோம்னு காட்டறது) ஒரு கட்டம் நகத்தணும். கோட்ல சுட்டியை நகத்தறது எழுதறதுக்கு முன்னாடி ஒரு வரி மேல இருந்துச்சு. அதனால ஒவ்வொரு ஸ்பைக்கும் ஒரு கட்டம் கூடத் தள்ளிப் போய் விழுது. 2-ம் 1-ம் 3.

இப்ப அந்த நாலு ரன்னோட பீக்கும் ஏன் நகந்துச்சுன்னு தானா விளங்கிடுச்சு. ஸ்டெப் 0.5-ல 3 ஸ்டெப்போட 1 கூட, ஆக 2 மில்லிசெகண்ட். 0.25-ல 6-ம் 1-ம் ஏழு, 1.75. 0.1-ல 15-ம் 1-ம் பதினாறு, 1.6. மாணவி ஒரு தாள்ல இந்த நிஜ டிலேயை ஒரு பக்கமும் பீக்கோட பீரியடை இன்னொரு பக்கமும் போட்டாங்க, நாலு புள்ளியும் ஒரே கோட்டுல, பீரியட் எப்பவும் டிலேயோட மூணு மடங்கை ஒட்டி. ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல, தியரி சொன்ன அதே எல்லைக்குள்ள. நாங்க ஒரு மாசமா தப்புன்னு சொல்லிட்டு இருந்த தியரி, நாங்க குடுக்காத டிலேக்குக் கூட சரியான பதிலைச் சொல்லிட்டு இருந்துருக்கு.

டிலே நீளமானா ஆட்டம் ஏன் வருதுங்கறதும் இதுலயே இருக்கு. நியூரான் மெதுவான மாற்றத்தை நல்லா பின்தொடரும், வேகமான மாற்றத்தைப் பின்தொடர முடியாம மழுங்கிடும். டிலே குறைவுன்னா சுத்து வேகமா இருக்கணும், அவ்வளவு வேகத்துல நியூரானோட பதில் சின்னதாகி ஆட்டம் தானா அடங்கிடும். டிலே நீண்டா சுத்து மெதுவாகும், பதில் பெருசாகும், அதே அடக்கலுக்கும் அதே இன்புட்டுக்கும் ஆட்டம் நிலைச்சு நிக்கும். ஸ்பைக் கட்டத்துல ஒட்டறது அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் தள்ளி விட்டுருக்கு.

சராசரி ரேட் மட்டும் ஏன் சரியா வந்துச்சு? அடக்கல் மேலோங்கின நெட்வொர்க் தன்னைத்தானே சமன் பண்ணிக்கும், ரேட் ஏறினா அடக்கல் ஏறி இறக்கிடும், இறங்கினா விட்டுடும். அந்தச் சமநிலைக்கு வலு, எண்ணிக்கை, வெளி இன்புட் மூணும்தான் முக்கியம், டிலே அதுல வரவே வராது. ஆக சராசரி பொருந்தறது டிலே சரியா இருக்குங்கறதுக்கு சாட்சியே இல்ல. நாங்க அதைத்தான் சாட்சியா வச்சோம்.

## திருத்தினதுக்கு அப்புறம்

சுட்டி வரியைக் கீழ இறக்கி, டிலே ஸ்டெப்போட சரியா வகுபடலன்னா கோட் ஓடாம நிக்கற மாதிரி மாத்தி, 0.1 மில்லிசெகண்ட்ல திரும்ப ஓட்டினோம். ரெண்டு நியூரான் டெஸ்ட்ல 11.5 வந்துச்சு. அதே செட்டிங்கை நெஸ்ட்ங்கற ரெடிமேட் நியூரான் நெட்வொர்க் சிமுலேட்டர்லயும் ஓட்டினோம், அதோட கூடவே புருனெல் நெட்வொர்க் எக்ஸாம்பிளா வருது, டிஃபால்ட் ஸ்டெப்பும் 0.1-தான். ரெண்டும் ஒத்துப் போச்சு. பட்டை இல்ல, ராஸ்டர் முழுக்கத் தூவின மாதிரி புள்ளி.

ஆனா ஸ்பெக்ட்ரம்ல 200 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு சின்ன மேடு இன்னும் மிச்சம் இருந்துச்சு, மாணவிக்கு அது உறுத்திட்டே இருந்துச்சு, இன்னொரு பிழையோன்னு. இது நிஜமான ஆட்டமா, இல்ல ஆட்டம் அடங்கிப் போற நெட்வொர்க்கை ரேண்டம் ஏற்ற இறக்கம் தட்டித் தட்டி எழுப்பறதாங்கறதைப் பிரிக்க ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு நியூரானுக்கும் வர்ற கனெக்ஷனை 1,250-லயே வச்சுட்டு நியூரான் எண்ணிக்கையை மட்டும் ஏத்தணும். நிஜ ஆட்டம்னா கூட்டு ஆக்டிவிட்டியோட அலை உயரம் எண்ணிக்கை ஏறினாலும் அப்படியே நிக்கும். தட்டி எழுப்பறதுன்னா எண்ணிக்கையோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி தேயும். 12,500-லேர்ந்து 50,000-க்குப் போனோம், நாலு மடங்கு. அலை உயரம் ஏறக்குறைய பாதியாச்சு. அப்ப இது அடங்கற ஆட்டம்தான், பிழை இல்ல, தியரியும் எண்ணிக்கை குறைவா இருந்தா இப்படி ஒரு மேடு வரும்னுதான் சொல்லுது. நாங்க முதல்ல போர்டுல எழுதின எண்ணிக்கை காரணம் கடைசியில இந்தச் சின்ன மேட்டுக்குப் பொருந்துச்சு, அந்தப் பெரிய பீக்குக்கு இல்ல.

இன்புட்டை 4-க்கும் அடக்கலை 6-க்கும் ஏத்தினப்ப ஆட்டம் வந்துச்சு, நியூரான் எண்ணிக்கையை ஏத்தியும் தேயல. மேப் சொன்ன இடத்துலயே.

## மேடத்தோட டேட்டா என்னாச்சு

இதுதான் சொல்லக் கஷ்டமா இருந்த பகுதி. போன் பண்ணி, உங்க 100 ஹெர்ட்ஸுக்கு நாங்க சொன்ன விளக்கம் கோட் பிழையாலேர்ந்து வந்தது, பொருந்தினது தற்செயல்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம், "சார், அப்ப என் ரெக்கார்டிங் தப்பில்லையே?"ன்னு கேட்டாங்க. ரெக்கார்டிங்ல தப்பில்ல, மேடு நிஜம், விளக்கம்தான் இல்ல. அதைத் தெளிவா சொன்னேன்.

அவங்களே இன்னொரு கேள்வியும் கேட்டாங்க, உங்க மாடல்ல ஸ்பைக் வந்ததும் வோல்டேஜ் டக்குனு குதிக்குது, எங்க ஸ்லைஸ்ல அடக்கல் கரண்ட் ஏற கொஞ்ச நேரம், இறங்க அதைவிட நிறைய நேரம் எடுக்குமே, அதை எங்க வச்சிருக்கீங்கன்னு. வைக்கலதான். 2003-ல புருனெலும் வாங்கும் காட்டினது இதுதான், வேகமான கூட்டு ஆட்டத்தோட ஃப்ரீக்வன்சியை சினாப்ஸோட தாமதம், ஏறற நேரம், இறங்கற நேரம் மூணும் சேந்து முடிவு பண்ணுது. அடக்கல் கரண்ட் இழுத்துட்டே இருந்தா சுத்து நீளும், ஃப்ரீக்வன்சி இறங்கும். அப்ப 100 ஹெர்ட்ஸுக்கு பொய்யான டிலே தேவையில்லாம இருக்கலாம், ஆனா அது இருக்கலாம்தான், இந்தத் தடவை அவசரப்படல.

வேலையோட வரிசையை மாத்தினோம். மேடம் முதல்ல அவங்க ஸ்லைஸ்ல அடக்கல் கரண்டோட ஏறற இறங்கற நேரத்தை அளந்து குடுப்பாங்க, அதை மாடல்ல அப்படியே போட்டு, நாங்க எந்த நாப்பையும் திருகாம ஃப்ரீக்வன்சி எங்க வருதுன்னு முன்கூட்டியே எழுதிக் குடுப்போம். அப்புறம் அந்த கரண்டை நீட்டிக்கற மருந்து ஒண்ணைப் போட்டு மேடு கீழ நகருதான்னு பாக்கறது. பென்சோடயசபின் வகை மருந்துகள் காபா ஏ ரிசெப்டார் (அடக்கல் செய்தியை வாங்கற இடம்) வழியா வர்ற கரண்டை நீட்டும்ங்கறது நல்லாத் தெரிஞ்ச விஷயம். மேடு இருக்கற இடத்தோட பொருந்தறதைவிட, தள்ளினா எந்தப் பக்கம் எவ்வளவு நகருதுன்னு சொல்றதுதான் எங்களுக்கு இப்ப நம்பக்கூடிய சோதனை, ஏன்னா ஒரே ஒரு எண்ணுக்குப் பொருந்தறது எவ்வளவு சுலபம்னு நேர்லயே பாத்துட்டோம்.

இதை எழுதற நேரத்துல அளக்கற வேலை நடந்துட்டு இருக்கு.

## திரும்ப ஆரம்பிச்சா என்ன மாத்துவோம்

வரிசையைத்தான் மாத்துவேன். ரெண்டு நியூரான் டெஸ்ட் முதல் நாள் நடந்திருக்கணும், அரை மணி நேர வேலை அது. நெஸ்ட் எக்ஸாம்பிளோட ஒப்பிடறது ரெண்டாவது நாள். டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கி பதில் நகருதான்னு பாக்கறது எந்தப் படத்தையும் யாருக்கும் அனுப்பறதுக்கு முன்னாடி. நாங்க இதையெல்லாம் செஞ்சோம், ஆனா சந்தேகம் வந்த பிறகு செஞ்சோம், விருப்பமான பதில் வந்துட்டதால சந்தேகமே லேட்டாத்தான் வந்துச்சு. பீக் 100-ல வராம 300-ல வந்திருந்தா அன்னைக்கே கோடைத் திறந்திருப்போம்னு எனக்கு நிச்சயமாத் தெரியும்.

தியரியும் சிமுலேஷனும் ஒத்து வரலன்னா அந்த வித்தியாசத்துக்கு எண்ணாலயே விளக்கம் தரணும்ங்கறதையும் இப்ப கட்டாயமாக்கியிருக்கோம். "எண்ணிக்கை குறைவு"ன்னு வார்த்தையா சொன்னாப் பத்தாது, எண்ணிக்கையை ஏத்திக் காட்டணும். 50,000 நியூரான் ரன்னை முதல் வாரமே ஓட்டியிருந்தா பீக் தேயாம நின்னிருக்கும், என் விளக்கம் அங்கயே விழுந்திருக்கும்.

கான்ஃபரன்ஸுக்கு அந்தத் தடவை போகல. மாணவிக்கு அது வருத்தம்தான், அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா டிலேயும் பீரியடும் ஒரே கோட்டுல விழுந்த அந்த தாளை அவங்க தீசிஸ்ல ஒரு அத்தியாயமா எழுதறாங்க, சிமுலேஷன் சரியா இருக்கான்னு தியரியை வச்சு எப்படிச் சோதிக்கறதுன்னு.

சீனியர் விஷயம் ஒண்ணு பாக்கி. அவர் எழுதினப்ப பாத்துட்டு இருந்தது செகண்ட் கணக்குல நீடிக்கற மெமரி ஆக்டிவிட்டி, அதுக்கு 1 மில்லிசெகண்ட் ஸ்டெப் போதும், ஒண்ணரை மில்லிசெகண்ட் கூடக் குறைய இருந்தா முடிவு மாறாது. வேற வேலைக்கு எழுதினதை நாங்கதான் யோசிக்காம இதுக்கு எடுத்துக்கிட்டோம். இருந்தாலும் அவரோட பழைய ரிசல்ட்டையும் திருத்தின கோட்ல திரும்ப ஓட்டிப் பாத்துட்டுத்தான் அவருக்கு எழுதணும்னு மாணவி பிடிவாதமா இருந்தாங்க. மூணு படம் ஓட்டிப் பாத்தாங்க, ரெண்டு அப்படியே வந்துச்சு, ஒண்ணுல ஓரத்துல தெரிஞ்ச ஒரு வேகமான நெளிவு மட்டும் காணாமப் போச்சு, அது அவர் முடிவோட சம்பந்தப்படாதது. மூணையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு, "அண்ணா, இந்த ஒரு வரி மட்டும் ஒரு தடவை பாருங்க"ன்னு அனுப்பினாங்க. அன்னைக்கு ராத்திரியே பதில் வந்துச்சு, சுட்டி வரியைக் கீழ இறக்கி, கூடவே அந்த ரெண்டு நியூரான் டெஸ்ட்டையும் கோட்லயே சேத்து அவரே அனுப்பியிருந்தாரு.